வேலாத்தா அணிலும் விலைவாசிக் குழுவும்

ஒரு காட்டில் என்று ஆரம்பித்தால் எந்தக் காடு என்று கேட்பீர்கள். மரமெல்லாம் மொட்டையாக நிற்குமே, அந்தக் காடுதான்.

அங்கே காசு என்றால் இலை. எந்த மரத்து இலையானாலும் சரி, சிங்க ராஜா சேற்றில் காலை முக்கி அதில் பதித்துவிட்டால் செல்லும். ஒரு இலைக்கு ஒரு படி நாவல்பழம்.

வேலாத்தா என்றொரு அணில். வயிற்றில் குட்டி. மழைக்கு முன்னால் ஒரு பொந்து வாங்கிவிட வேண்டும் என்று வருஷம் பூராவும் ஊரார் வீட்டுப் புளியைத் தட்டிக் கொடுத்து நூறு இலை சேர்த்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ராஜாவுக்குப் பிறந்தநாள் வந்து தொலைத்தது. யானை ஊர்வலம், குரங்குக் கச்சேரி, போதாததற்குத் தனக்கே ஒரு சிலை. கஜானாவில் இலை இல்லை என்றார்கள்.

"மரத்துல இருக்குதல்ல, பறிங்க" என்றார் ராஜா.

பறித்தார்கள். ராஜா பாதம் தேயத் தேயப் பதித்தார். இலை போன மரம் எப்படிக் காய்க்கும்? கையில் இலை பெருகியது, கடையில் பழம் அருகியது. பக்கத்துக் காட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றால், அந்த வியாபாரிகள் நம் ராஜா பாதத்தைச் சல்லிக்கும் மதிக்கவில்லை. ஒன்றுக்குப் பத்து கேட்டார்கள்.

வேலாத்தா பொந்து வியாபாரி மரங்கொத்தி மாரப்பனிடம் போனாள்.

"ஏனுங்கண்ணா, போன மாசம் நூறுன்னுதான சொன்னீங்க?"

"போன மாசம் நானும் வயிறு நெறையத் தின்னுட்டுக் கொத்துனேன் அம்மணி. இப்ப ஒத்தப் பழம் இருவது இலை. பொந்து ஆயிரம்."

முறையிடப் போனாள். அலுவலக வரிசையின் கடைசியில் நின்றபோது மனுப் படிவம் முப்பது இலை. ஜன்னலை எட்டியபோது நூற்றியொன்று. திரும்பி வந்துவிட்டாள்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. நூறு இலையையும் எடுத்து, எட்டுகிற ஒரு கிளையில் கூடு பின்னினாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மூன்று குட்டி போட்டாள். அந்த ஆட்சியில் அந்த இலைகள் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

இதற்குள் ராஜா வீட்டுச் சாப்பாட்டுக்கே விலை ஏறியதால் காரணம் கண்டுபிடிக்கக் குழு போட்டார்கள். தலைவர் நாச்சிமுத்து நரி. ஏழு நாள் விருந்து சாப்பிட்டு ஆராய்ந்துவிட்டு, எட்டாம் நாள் கூட்டைப் பார்த்தார்.

"என்ன இது?"

"வூடுங்க சாமி."

"நூறு இலை இருக்குது. பதுக்கல்."

"இலை சாஸ்தியானதுலதான் வெலை ஏறுச்சுன்னு ஊரே பேசுதுங்க. நான் நூறைக் குறைச்சிருக்கறனுங்களே."

நரி அதை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. கூட்டைப் பிரித்து எண்ணி எடுத்துப் போனார்கள். மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. வேலாத்தா வாலை விரித்துக் குட்டிகளைப் போர்த்தினாள். இரண்டுக்குத்தான் எட்டியது.

விலைவாசிக்குக் காரணம் ஓர் அணில் என்று அறிக்கை வந்தது. ராஜா மகிழ்ந்துபோய் நரிக்கு ஆயிரம் இலை பரிசு கொடுத்தார். எந்த மரத்திலும் புது இலை இல்லாததால் பழைய இலையின் பின்பக்கத்திலும் பாதம் பதித்துக் கொடுத்தார்.

நீதி: விலைவாசிக்குக் காரணம் தேடும்போது அண்ணாந்து பார்க்காதே, கழுத்து வலிக்கும். கைக்கு எட்டும் உயரத்தில் எப்படியும் ஒரு கூடு இருக்கும்.