இழுவை ஐயாவின் பை இளைத்தது

அந்த ஞாயிற்றுக்கிழமை, பொம்மை ரயில் சங்கத்தின் மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வந்தவர்கள்போல, ஆளுக்கொரு எஞ்சினைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார்கள். வரிசையில் பல் டாக்டர் இருந்தார், கணக்கு வாத்தியார் இருந்தார், பத்திரம் எழுதுகிறவர் இருந்தார். படிக்காதவர் என்று ஒருவரைக்கூடக் காணோம்.

இழுவை ஐயா வந்திருந்தார். அவர் தொட்டால் எஞ்சின் இழுக்கும். ஐந்து பெட்டிக்கே மூச்சு வாங்குவது, பத்துப் பெட்டியை அநாயாசமாகக் கொண்டுபோகும்.

"என்னோடது பன்னெண்டு இழுத்துச்சு சார். கண்ணால பாத்தேன்."

"பன்னெண்டு என்ன? எங்க மச்சானோடது சுவத்துலயே ஏறிச்சாம்!"

மச்சான் வெளியூரில் இருந்தார். சுவர் வாய் திறக்கவில்லை.

ஐயாவின் முறை எளியது. எஞ்சினைக் காதோரம் வைத்துக் கேட்பார். "உள்மூச்சு அடைச்சிருக்கு" என்பார். எல்லா எஞ்சினுக்கும் அதே வியாதிதான். பிறகு எஞ்சினையும் தன் துணிப்பையையும் ஒரு நீல வெல்வெட் போர்வைக்குள் வைத்து, இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, மூன்று நிமிடம் முனகுவார். அதுவரை எல்லோரும் கண்ணை மூடியிருக்க வேண்டும். பார்த்தால் சக்தி சிதறிவிடும். அப்புறம் ஆயுளுக்கும் எஞ்சினின் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் சக்தி பறந்துவிடும். இத்தனை பலவீனமான சக்தி எப்படிப் பத்துப் பெட்டியை இழுக்கும் என்று கணக்கு வாத்தியாருக்குக்கூடத் தோன்றவில்லை.

ஐயா காசைத் தொடமாட்டார். ஓர் எஞ்சினுக்கு உயிர் கொடுத்தால், இன்னொரு எஞ்சினைக் காணிக்கையாக வாங்கிக்கொள்வார். அதுவும் நல்லதாகப் பார்த்துத்தான்.

வரிசையின் நடுவில் தையல்காரர் நின்றார். அன்று மாலை மேடேறும் போட்டி. ஹாலின் தூணைச் சுற்றி ஏறும் பாதையில் பத்துப் பெட்டிகளை மேலே கொண்டுசேர்க்க வேண்டும். அவருடைய கறுப்பு எஞ்சின் மூன்று வருடமாக ஏழாவது பெட்டியிலேயே படுத்துவிடுகிறது. சக்கரம் சுழலும், வண்டி நகராது. இந்த வருடம் எப்படியும் ஏறியாக வேண்டும் என்று, தன் கையாலேயே நாலு வருடம் அறுத்து, ராவி, பற்றவைத்துச் செய்த பித்தளை எஞ்சினைக் காணிக்கைக் கூடையில் வைத்துவிட்டார்.

தையல்காரரின் அக்கா கீழே காய்கறிக் கடை வைத்திருப்பவள். தம்பியைச் சாப்பிடக் கூப்பிட மேலே வந்தாள். கூடையைப் பார்த்தாள்.

"டேய், இது நீ பண்ணதுதானே?"

"காணிக்கைக்கா. பத்துப் பெட்டி ஏறணும்ல."

"நாலு வருஷம் கண்ணு பூத்துப்போய்ப் பண்ண! உனக்கு என்னடா ஆச்சு?"

"சக்தி சும்மா வருமாக்கா?"

அக்கா வரிசைப் பக்கம் திரும்பினாள். சக்தி ஏறி முடிந்த பல் டாக்டரின் எஞ்சினை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள். "என்ன டாக்டர், இந்தக் கனம் கனக்குது?"

"சக்தியோட கனம்மா அது. ஐயாவே சொல்லியிருக்காரு."

"இருபது வருஷமா கையால தூக்கியே எடை சொல்றவ நான். இருங்க, வரேன்" என்று இறங்கிப் போனவள், கடையின் எலக்ட்ரானிக் தராசோடு திரும்பி வந்தாள்.

கூட்டம் முணுமுணுத்தது. ஐயா மட்டும் சிரித்தார். "தாராளமா வைம்மா. சக்திக்கும் எடை உண்டு." கைதட்டல் எழுந்தது.

தம்பியின் கறுப்பு எஞ்சின் முந்நூற்றுப் பத்து கிராம். சங்கச் செயலாளர் அதைக் கரும்பலகையில் எழுதினார்.

"அந்தப் பையையும் வைங்க."

"பை எதுக்கும்மா?" ஐயாவின் சிரிப்பு சற்றுக் குறுகியது.

"சும்மாதான்."

"ஐயாவுக்கு என்ன பயம்? வைங்க!" என்று செயலாளரே பக்திப் பரவசத்தில் பையைத் தூக்கித் தராசில் வைத்தார். அறுநூற்று நாற்பது. ஐயாவை முதலில் மாட்டிவிட்டவர் அவருடைய பரம பக்தர்தான்.

போர்வை விழுந்தது. கண்கள் மூடின. முனகல் அன்று கொஞ்சம் சுருதி விலகியிருந்தது. முப்பது பேர் காத்திருக்கும்போது வேலையைச் செய்யாமல் விடவும் முடியாது.

எஞ்சின் இப்போது முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து.

"எண்பத்தஞ்சு கிராம் சக்தி!" என்று கணக்கு வாத்தியார் கூவினார். பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா பையை வைத்தாள். ஐந்நூற்று ஐம்பத்தைந்து.

கணக்கு வாத்தியாரின் உதடுகள் அசைந்தன. கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பாகக் கழித்துவிட்டோமோ என்று மறுபடியும் கழித்தார்.

"எஞ்சின் ஏறினது சரி. பை ஏன் இளைச்சுது?" என்றாள் அக்கா.

"பையும் தன் சக்தியக் குடுத்திருக்கும்மா..."

"எண்பத்தஞ்சையும் பைதான் குடுத்திருக்கு. அப்ப நீங்க என்ன குடுத்தீங்க?"

தையல்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "திறக்காதப்பா, பறந்துடும்!" என்று செயலாளர் அலறினார். மூடி திறந்தது. எதுவும் பறக்கவில்லை. உள்ளே ஈயப்பட்டைகள் பிசின் வைத்து அழகாக ஒட்டப்பட்டிருந்தன. பையைக் கவிழ்த்தார்கள். இன்னும் கொஞ்சம் ஈயம், ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஸ்பிரிட் புட்டி, எண்ணெய்ப் பிசுக்கேறிய கந்தல்.

"கந்தல் எதுக்கு?" என்றார் பல் டாக்டர்.

அக்கா ஒரு சக்கரத்தைத் தடவி விரலைப் பார்த்தாள். கந்தல் படாத ஒரு மூலையில் இன்னும் வழவழத்தது. "இந்த எண்ணெயத் துடைக்கத்தான். சக்கரத்துல யாரு எண்ணெய் தடவுறது?"

செயலாளர் நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான். ஞாயித்துக்கிழமை தவறாம தடவுவேன். சக்கரத்துக்கும், தண்டவாளத்துக்கும். அச்சுக்கு ஒரு சொட்டு விடணும்னு புத்தகத்துல போட்டிருந்துச்சு. கூடப் போட்டா நல்லதுதானேன்னு..."

"எண்ணெய் கொட்டின படியில நீங்க அரிசி மூட்டையத் தூக்கிட்டு ஏறுவீங்களா?"

செயலாளர் யோசித்தார். சங்கத்தில் அன்று நடந்த முதல் யோசனை அதுதான்.

"நம்பிக்கை இல்லாத இடத்துல நான் நிக்கமாட்டேன்" என்று இழுவை ஐயா கோபமாகப் படியிறங்கினார். கூடையை மறந்துவிட்டார். பையையும்தான்.

தையல்காரர் முதலில் பித்தளை எஞ்சினை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு கறுப்பு எஞ்சினிலிருந்து ஈயத்தைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, சக்கரத்தையும் தண்டவாளத்தையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். மாலையில் கறுப்பு எஞ்சின் பத்துப் பெட்டியோடு தூணைச் சுற்றி ஏறியது. உச்சியில் ஒரு நொடி தயங்கியது. ஏறிவிட்டது.

தராசை எடுத்துப்போக வந்த அக்கா திரும்பிப் பார்த்தாள். அவள் முன்னால் ஒரு வரிசை நின்றது. துண்டு, துண்டுக்குள் எஞ்சின், முன்னால் பல் டாக்டர்.

"என்ன டாக்டர்?"

"ஒண்ணுமில்லம்மா. உங்க தராசுல என்னோடதையும் ஒரு தடவ வெச்சு எடுத்துக் குடுங்க. உங்க கை ராசியான கை."

அக்கா தராசை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"எஞ்சின் மூடியத் திறக்க ஸ்க்ரூ டிரைவர் வேணும். உங்க தலையத் திறக்க அதுகூட வேணாம். ஒரு தடவ திறந்து பாருங்கய்யா! உள்ள ஈயத்த வெச்சுட்டுப் போனது யாருன்னு தெரியும்."