கரித்துணிக்குக் கிடைத்த முனைவர் பட்டம்

மனிதகுலம் இதுவரை கண்ட மாபெரும் அறிவுச் சாதனைகள் மூன்று. நெருப்பு, சக்கரம், அப்புறம் 'கரித்துணி' என்ற சொல்லைப் பற்றி என் கணவர் எழுதிய ஆய்வேடு. முதல் இரண்டையும் செய்தவர்கள் யாரென்று தெரியவில்லை. மூன்றாமவருக்கு மூன்று வேளையும் பரிமாறுவது நான்தான்.

கரித்துணி உங்களுக்குத் தெரியாததல்ல. சூடான பாத்திரத்தை இறக்கவும் அடுப்படியைத் துடைக்கவும் வைத்திருக்கிற கந்தல். அறிஞருக்கு அது போதவில்லை. 'வெப்பத்துக்கும் விரலுக்கும் இடையே நிகழும் துணிவழி உரையாடல்' என்று வரையறுத்தார். விறகடுப்புக் கரி ஒட்டியதால் வந்த பெயர் என்று நீங்களும் நானும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். அவருக்கு அதற்கு ஒரு தனி அத்தியாயம் தேவைப்பட்டது. எரிவாயு வந்து கரி போன பிறகும் பெயர் போகாமல் இருப்பதை 'சமூகத் துயரம்' என்று எழுதிவிட்டு, அன்று முழுக்கத் துக்கம் அனுசரித்தார்.

அடுத்தது சமூக வரலாறு. அதற்கு ஆதாரம் வேண்டுமே? ஒரு நாள் காலை அடுப்படிக்குள் வந்தார். கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் வருகை. வழி தெரியாமல் வந்துவிட்டாரோ என்று பயந்துபோனேன்.

"இங்க இருக்கிற கரித்துணி எல்லாத்தையும் எடும்மா. இனிமே அதெல்லாம் ஆதாரம்."

"அப்ப குக்கரை எதால இறக்குறதுங்க?"

"பொறுமையால."

ஒவ்வொன்றையும் பையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, சீட்டு ஒட்டினார். 'மனைவியின் நைட்டி, பிற்காலம்.' 'மனைவியின் பாவாடை, கிழிந்த காலம்.' 'மனைவியின் துண்டு, காலம் விளங்கவில்லை.' இப்படி ஆராய்ந்து ஆராய்ந்து ஓர் அரிய உண்மையைக் கண்டுபிடித்தார்: 'ஆண்களின் ஆடையிலிருந்து கரித்துணி பிறந்ததற்குச் சான்று ஏதும் இல்லை.' அக்குள் கிழிந்த பனியனைக்கூட 'இன்னும் ஒரு வருஷம் போடலாம்' என்று அலமாரியில் பூட்டி வைப்பவர் அவர். சான்று எங்கிருந்து கிடைக்கும்?

எனக்கோ விரல் வெந்தது. வயிறும் எரிந்தது.

ஆதாரங்களைப் 'பார்வையிட'த் தேர்வாளர் வீட்டுக்கே வந்தார். டீ கொண்டுபோனேன். கெட்டிலின் கைப்பிடி சுட்டது, பிடிக்கத் துணியில்லை, மேஜைமேலேயே போட்டுவிட்டேன். டீ ஆய்வேட்டை நோக்கி நடைபோட்டது.

"ஐயையோ! ஒரு துணி கொண்டாம்மா!" என்று அறிஞர் அலறினார்.

"எல்லாம் பையில இருக்குங்க. பிரிக்கட்டுமா?"

"தொடாதே! முத்திரை வெச்சாச்சு!"

"அப்ப உங்க சட்டையைக் கழட்டுங்க."

"இது நல்ல சட்டை!"

டீ இந்த விவாதத்துக்காகக் காத்திருக்கவில்லை. அறிஞர் ஒரு நொடி சிந்தித்தார். பிறகு ஆய்வேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, மேஜையின் தன் பக்கத்தை முழங்காலால் உயர்த்தினார். ஆய்வேடும் பிழைத்தது, சட்டையும் பிழைத்தது. டீ மொத்தமும் என் காலில் இறங்கியது.

தேர்வாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன ஒழுக்கம் சார்! தலை போற நேரத்துலகூட ஆதாரத்துல கை வைக்கலையே!"

"சார், என் கால்..." என்றேன்.

"அதைப் பின்னிணைப்புல சேத்துக்கலாம்மா."

பட்டம் கிடைத்தது. தரைவரை தொங்கும் கறுப்பு அங்கியைப் போர்த்திப் படம் எடுத்தார்கள். அந்த அங்கியை ஞாபகமாக வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்கள். கறுப்பு என்பதால் கரி ஒட்டினாலும் தெரியாது. ஆண் ஆடைக்குச் சான்று இல்லை என்பது ஒன்றுதான் ஆய்வில் இருந்த குறை. கணவரின் குறையை மனைவி தீர்க்காமல் யார் தீர்ப்பது? மறுநாளே கத்தரிக்கோலை எடுத்தேன்.

"அடிப்பாவி! என் அங்கி எங்கே?"

"அடுப்படியில சான்றா இருக்குங்க. தொட்டுடாதீங்க."

ஆனால் அறிவுலகத்துக்கு ஒரு வருத்தமான செய்தி. அந்தத் துணி எதற்கும் ஆகவில்லை. பார்க்க என்னவோ பளபளவென்று பெரிய மனுஷத் தோரணைதான். சிந்தியதில் ஒரு சொட்டைக்கூட ஏற்றுக்கொள்ளாது. எல்லாவற்றையும் பக்கத்தில் நிற்பவள் காலுக்குத் தள்ளிவிடும். போட்டிருந்தவர் குணம் துணிக்கு வராமல் போகுமா?