நீலவேர் மண்டி

ராயப்பராஜ் தொட்டது பரிசுப் பெட்டியைத்தான். திறந்தது சந்தை.

அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. இருபத்தெட்டு வருஷமாக வெங்காய மூட்டையைக் குத்திப் பார்த்துப் பழகிய கட்டைவிரல் அது. மகளின் செல்போனில் பெட்டிப் படமும் சந்தைப் படமும் ஒட்டினாற்போல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் விரல் என்ன செய்யும்?

"தெனமும் ஒரு தடவ இந்த கேமுக்குள்ள போயி, இந்தப் பெட்டிய மட்டும் தொட்டுருங்கப்பா. அன்னன்னைக்குப் பரிசு வரும். வேற எதையும் தொடக்கூடாது. முக்கியமா இந்தச் சந்தைப் பக்கம் போகவே கூடாது" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் ஏஞ்சலின் போயிருந்தாள். கல்லூரி மாணவிகளுக்கு ஒரு வாரத் தியானம். மலைமேல் தியான இல்லம், செல்போனுக்கு அனுமதி கிடையாது. கூடவே தோழி அனிஷாவும் போயிருந்தாள்.

ஏஞ்சலின் போனை நீட்டியபோது ராயப்பராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் அவரிடம் நேராகப் பேசியே மூன்று மாதம் ஆகிறது. வெங்காயம் வாங்க வந்த ஒருவர் வாசலில் நின்ற அவளுடைய ஸ்கூட்டரைப் பார்த்து நல்ல விலை கேட்டார். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் இவர் விற்றுவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு வரும் சேதியெல்லாம், "அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளுங்க" என்கிற கணக்கில்தான் வரும்.

அப்படிப்பட்டவள் 'அப்பா' என்று கூப்பிட்டுத் தன் சொத்தையே கையில் கொடுத்திருக்கிறாள். மூன்று வருஷம் விளையாடிச் சேர்த்த பொற்காசு எண்பதாயிரம். அதைவிட முக்கியமாக, சீனி. வெள்ளைவெளேரென்று ஒரு ஓநாய்க்குட்டி. ஆட்டத்தில் ஏஞ்சலின் எங்கே போனாலும் பின்னாலேயே ஓடும். இதில் ஏதாவது ஒன்று குறைந்தாலும் மகள் இந்த ஜென்மத்தில் தன்னோடு பேச மாட்டாள் என்பது ராயப்பராஜுக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்து என்ன பிரயோசனம்? விலை என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாத மனுஷர் அவர். முடிவெட்டப் போன இடத்தில், உட்கார்ந்திருந்த நாற்காலிக்கே விலை பேசியவர்.

சந்தையில் உலகத்து ஆட்களெல்லாம் வாளும் கேடயமும் மருந்தும் மூலிகையும் ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூலிகை வரிசையில் நீலமாக ஒரு வேர். ஆங்கிலத்தில் அதற்கு ரயில் வண்டி நீளத்துக்கு ஒரு பெயர். ராயப்பராஜ் நீலவேர் என்று வைத்துக்கொண்டார். முந்தாநாள் ஒரு கட்டு பத்துக் காசு, இன்றைக்கு ஆறு என்று பக்கத்திலேயே போட்டிருந்தது.

"ஏலே சோலைமுத்து, இங்க வந்து பாருலே" என்று மண்டியில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார். "எல்லாப் பயலும் ஒரே நேரத்துல தோண்டிட்டாய்ங்க. அதான் வெல விழுகுது. நம்ம சின்ன வெங்காயத்துக்கு நடக்குமே, அதேதான்."

சோலைமுத்து எட்டிப் பார்த்தார். "பாப்பா எதையும் தொடக்கூடாதுன்னு சொல்லுச்சுன்னீங்களே மொதலாளி?"

"தொடல. வாங்கித்தான் வைக்கப் போறேன்."

வாங்கினார். இருந்த கட்டு அத்தனையையும் வாங்கினார். விழும்போது வாங்கிச் சேமிப்புப் பட்டறையில் போட்டு, ஏறும்போது எடுத்து விற்க வேண்டும். அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான், அதற்கு மேல் வியாபாரத்தில் ஒன்றும் இல்லை.

மறுநாள் நீலவேர் மூன்று காசு.

இங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிறவர் வெங்காய வியாபாரத்துக்கே வந்திருக்க மாட்டார். ஆறுக்கு வாங்கியதோடு மூன்றுக்கும் வாங்கினால் சராசரி இறங்கும் என்று மிச்சக் காசையும் கொட்டி வாங்கினார். சாயங்காலம் அது இரண்டு காசுக்கு வந்தது. எண்பதாயிரம் போய், ஏஞ்சலினின் பையில் நீலமாக ஒரு மலை கிடந்தது.

மனைவி அமலராணியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் அம்மா பேனாவை மூடினார்.

"அடுத்த வெள்ளாமைக்கு வெல ஏறிரும் அமலா" என்றார் இவர்.

"வெங்காயம்னா ரெண்டு மாசத்துல அழுகும், மிச்சம் வெல ஏறும். உங்க வேரு அழுகவே அழுகாதுல்ல? அப்புறம் எப்படிங்க ஏறும்?"

ராயப்பராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகாத சரக்கை அவர் ஜென்மத்தில் வாங்கியதே இல்லை.

நாலாம் நாள் ஒரு யோசனை வந்தது. ஏலத்தில் விலை ஏறாவிட்டால் நம்ம ஆள் ஒருவனைக் கூட்டத்தில் நிறுத்தி ஏற்றிக் கேட்கச் சொல்வது உலக வழக்கம். சோலைமுத்துவின் போனில் அந்த ஆட்டத்தை இறக்கி, ஒரு புது ஆளை உண்டாக்கினார்கள். புதுசாக வருகிறவர்களுக்கு ஆயிரம் காசு இனாம்.

"நான் ரெண்டுக்குப் போடுறேன். நீ நாலுன்னு கேளு. பாக்குறவன் அஞ்சு கேப்பான்."

"கேக்கலேன்னா?"

"கேப்பான்லே."

யாரும் கேட்கவில்லை. உலகமே சோலைமுத்துவுக்கு வழிவிட்டு நின்றது. ஆயிரம் காசும் தீரும்வரை அவர் முதலாளி சரக்கைத் தானே எடுத்துக்கொண்டிருந்தார். வந்த காசில் இருபதில் ஒரு பங்கைச் சந்தை பிடித்துக்கொண்டது.

"என்னலே இது, அம்பது காசு கொறையுது?"

"கமிஷன்னு போட்டுருக்கு மொதலாளி."

"எங்கிட்டயேவா?" என்று ராயப்பராஜ் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். கமிஷன் பிடித்துப் பழகிய கைக்குக் கமிஷன் கொடுத்துப் பழக்கம் இல்லை. அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் செய்ததுதான் பெரிய கூத்து.

மண்டியில் கூட்டம் சேரவில்லை என்றால் நல்ல சரக்காக ஒரு மூட்டையை அவிழ்த்து முன்னால் வைப்பது வழக்கம். ஆரம்ப விலையை அடிமட்டத்தில் சொன்னால் ஆட்கள் ஈ மாதிரி மொய்ப்பார்கள். கேட்டு முடித்ததும் மூட்டைக்காரர், விலை கட்டுப்படியாகவில்லை என்பதற்கு "கட்டல" என்று ஒரு வார்த்தை சொல்லி மூட்டையைத் திரும்பக் கட்டிவிடுவார். அதற்குள் மொய்த்த கூட்டம் பக்கத்து மூட்டைகளைப் பார்த்துவிடும். யாருக்கும் நஷ்டம் இல்லை, யாரும் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

ஏஞ்சலினிடம் நல்ல சரக்கு என்று மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"சும்மா செத்த நேரம் முன்னாடி வைக்கிறேன்லே. கூட்டம் சேந்ததும் எடுத்துருவேன்" என்று சொல்லிக்கொண்டே சீனியை ஏலத்தில் வைத்தார். விலை கேட்டு இரண்டு கட்டங்கள் வந்தன. ஒன்று ஆரம்ப விலை, இன்னொன்று உடனே வாங்கும் விலை. எதற்கு வம்பு என்று இரண்டிலும் நூறு போட்டார்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் சீனியைக் காணோம்.

"கட்டல! கட்டலய்யா!" என்று போனைப் பார்த்துக் கத்தினார் ராயப்பராஜ்.

"அது காதுல விழாது மொதலாளி" என்றார் சோலைமுத்து மெதுவாக.

திரையில் நூறு காசு மின்னியது. அதிலும் கமிஷன் போக தொண்ணூற்றைந்து.

வீட்டுக்கு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஸ்கூட்டராவது இரும்பு, போனால் இன்னொன்று வாங்கலாம். இது அவள் பெயர் வைத்து வளர்த்த குட்டி. அதைப் போய் முன்மூட்டையாக வைத்த தன்னை அவருக்கே பிடிக்கவில்லை.

"அந்தோணியாருக்கு மெழுகுதிரி நேந்திருக்கேன் அமலா. காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்குற புனிதர்ல" என்றார் சுவரைப் பார்த்தபடி.

"காணாமப் போனதைத்தான் அவரு கண்டுபிடிச்சுக் குடுப்பாரு. வித்ததை இல்ல. மகளுக்கு நாளைக் கழிச்சு நீங்களே சொல்லிருங்க."

"சொன்னா பேச மாட்டாளே."

"இப்ப மட்டும் என்ன, மூணு மாசமா கச்சேரியா நடந்துச்சு?"

ஆறாம் நாள், சீனியை வாங்கிய ஆளுக்குச் சேதி அனுப்பினார். எந்த ஊர்க்காரனோ, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினான். மகள் வளர்த்தது, தெரியாமல் விற்றுவிட்டேன், திருப்பிக் கொடு அப்பு என்று இவர் எழுத, பாவப்படுகிறேன் என்று அவனும் எழுதினான். பாவப்பட்டுவிட்டு இருபதாயிரம் கேட்டான். நூறுக்கு வாங்கிய பொருள்! வேறு சமயமாக இருந்தால் இப்படி ஒரு வியாபாரியை ராயப்பராஜ் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டிருப்பார். நாளை சாயங்காலம் வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று வாக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஏழாம் நாள் காலை, பெட்டியைத் தொடப் போனவர் திரையைப் பார்த்துத் திகைத்தார். ஆட்டத்துக்குள் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மரம், மலை, கோட்டை எல்லாம் வெள்ளை. ஓரத்தில் ஏதோ அறிவிப்பு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அமலராணி வாசித்தார்.

"பனிக்காலம் ஆரம்பிச்சிருச்சாம். ஒரு மாசத்துக்கு வெளிய போறவங்க எல்லாம் கஷாயம் குடிக்கணுமாம். இல்லேன்னா ஆளு வெறைச்சுருமாம்."

"என்ன கஷாயம்?"

"உங்க வேருதாங்க" என்றார் அமலராணி. அவர் குரலே மாறியிருந்தது.

ராயப்பராஜ் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். சந்தையில் நீலவேர் பதினைந்து காசு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினெட்டு. ஐப்பசி மழையில் வெங்காயம் ஏறுகிற அதே ஏற்றம்! இருபது வரட்டும், முப்பது வரட்டும் என்று கை நின்றது. மண்டிக்காரப் புத்தி அப்படித்தான் சொல்லும். ஆனால் அன்றைக்கு அவர் மண்டிக்காரராக இல்லை, சாயங்காலம் மகள் முகத்தில் விழிக்க வேண்டிய தகப்பனாக இருந்தார். விற்கத் தொடங்கினார்.

மத்தியானத்துக்குள் ஒரு பங்கு சரக்கு போய்விட்டது. முதல் வேலையாக இருபதாயிரத்தைக் கொடுத்துச் சீனியை மீட்டார். அது வாலை ஆட்டிக்கொண்டு பழைய இடத்தில் வந்து நின்றது. ராயப்பராஜ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்.

அப்புறம் எண்பதாயிரம் சேருகிற வரைக்கும் விற்றார். சேர்ந்ததும் கையை எடுத்துவிட்டார். மிச்சம் கிடந்த வேரைப் பெட்டியில் வந்த பரிசு என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு காசு லாபம் இல்லாத வியாபாரத்துக்காக அவர் இப்படிச் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. மெழுகுதிரி ஒன்றல்ல, ஒரு பெட்டியாகவே ஏற்றிவிட்டு, சாயங்காலம் பேருந்து நிலையத்துக்குக் கிளம்பினார். நெஞ்சிலிருந்து நூறு கிலோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

மலைப் பேருந்திலிருந்து முதலில் ஏஞ்சலின் இறங்கினாள். பின்னாலேயே இரண்டு பைகளோடு அனிஷா.

"நல்லா இருக்கீங்களாப்பா?" என்றாள் மகள். நேராக அவரையே பார்த்துக் கேட்டாள்.

"நல்லா இருக்கேன்மா. இந்தா ஒம் போனு. அப்படியே வச்சிருக்கேன்."

ஏஞ்சலின் வாங்கிக்கொண்டு அவசர அவசரமாகத் திறந்தாள். ஒரு தடவை பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"காசு அப்படியே இருக்கா?"

"எண்பதாயிரம். ஒண்ணு கொறையல."

"சீனி?"

"அந்தா நிக்கிறான் பாரு, வாலை ஆட்டிக்கிட்டு. ஒருத்தன் இருபதாயிரம் மதிச்ச குட்டி. அதையே குடுக்கலன்னா பாத்துக்க." இந்தப் பேச்சில் பொய் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

ஏஞ்சலின் பையைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிடிபடவில்லை. மகளுக்கு மனசு நிறைந்துவிட்டது என்றுதான் ராயப்பராஜ் முதலில் நினைத்தார். அப்புறம் அவள் தோழியை நிமிர்ந்து பார்த்த பார்வை அவருக்குச் சரியாகப் படவில்லை.

"ஏம்மா, என்னாச்சு?"

அனிஷா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"போச்சு போங்க அங்கிள்! பரீட்சை வருது, சீனி இருக்குறவரைக்கும் இவளால இந்த கேம விட முடியல, தன் கையால விக்கவும் மனசு வரல, 'சந்தைப் பக்கம் போகாதீங்க'ன்னு சொல்லி அப்பாகிட்டக் குடுத்தா ஒரே வாரத்துல எல்லாத்தையும் வித்து முடிச்சிருவாருன்னு, உங்கள நம்பித்தானே குடுத்துட்டு வந்தா!"