வைஃபைக்கு வந்த தோஷம்

அலைச்சித்தர் வருகிறார் என்றதும் மாடிவீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு செல்போனுடன் இறங்கி வந்துவிட்டார்கள். செத்த சிக்னலையும் எழுப்பிவிடுவாராம்!

வந்தவர்களுக்கு நாற்காலி போட்டவன் கம்ப்யூட்டர் வாத்தியார். கல்லூரியில் அவன் நடத்துவதே வைஃபை பாடம்தான். கட்டடம் முழுமைக்கும் பொதுவான வைஃபை பெட்டி அவன் வீட்டுக் கூடத்தில் இருந்தது. இருந்தது என்பதும் ஒரு நம்பிக்கைதான். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் செம்புத் தகடு. சிக்னல் குறைந்தபோதெல்லாம் சித்தர் ஒரு காப்புத் தகடு தந்தார். வாத்தியார் பெட்டியைச் சுற்றிக் கட்டினான். கட்டக் கட்டச் சிக்னல் குறைந்தது. குறையக் குறைய இன்னொரு தகடு. உலோகம் அலையை மறைக்கும் என்று வருஷம் தவறாமல் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவன்தான். பரீட்சைக்கு வருகிற விஷயம் வீட்டுக்கும் வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

சித்தர் கண்ணை மூடினார். எல்லோர் போனிலும் கோடுகள் மளமளவென்று ஏறின.

"முழுசா ஏறிடுச்சு சாமி!" என்று குதித்தார் மாடிவீட்டுக் குமாஸ்தா.

"நான் போனா இறங்கிடும். உள்ளறையில தோஷம். இந்த வீட்டுப் பொம்பளை கம்ப்யூட்டர் முன்னால உட்காரவே கூடாது. அலையை மொத்தமா உறிஞ்சுறா."

உள்ளறையில் இருந்தவள் வாத்தியாரின் அக்கா. வேலை போனபின் போட்ட விண்ணப்பங்களுக்கெல்லாம் ஒரே ஒரு கம்பெனி பதில் எழுதியிருந்தது. வீடியோவில் நேர்காணல், இன்னும் சற்று நேரத்தில்.

"அக்கா, இதை விட்டுடேன். வேற கம்பெனி பார்த்துக்கலாம்."

"உன்னைப் படிக்க வச்சவங்களை நிக்க வச்சுக் கேக்கணும்டா" என்றபடி வந்த அக்கா, நேரே போய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். "இப்போ போனைப் பாருங்க."

ஒரு கோடுகூட இறங்கவில்லை.

"கரண்டே இல்லாம அருள் பாயுதே!" குமாஸ்தாவின் குரல் தழுதழுத்தது. கூட்டம் கைதட்டியது. வாத்தியாரும் தட்டினான், கொஞ்சம் பலமாகவே.

"தட்டினது போதும். சாமி, தெருமுனை வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க."

"தியானம் கலைஞ்சிடும்மா..."

"கலையாம நான் கூட்டிட்டுப் போறேன் சாமி!" என்று குமாஸ்தா பக்தியோடு அவர் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

சித்தர் முனை திரும்பினார், கோடுகள் செத்தன. திரும்பி வந்தார், உயிர்த்தன.

"அருள் எங்கே இருக்குன்னு அந்த ஜிப்பாப் பையில பாருங்க" என்றாள் அக்கா.

குமாஸ்தா பைக்குள் கையை விட்டார். ஒரு போன் வந்தது, ஹாட்ஸ்பாட் சூட்டோடு. வைஃபை பெட்டியின் அதே பெயர், அதே பாஸ்வேர்டு. இரண்டையும் சித்தர் காதில் ஓதினால்தான் பூசை பலிக்கும் என்று முதல் நாளே ஏற்பாடு. எழுத்துப் பிசகாமல் ஓதியவன் வாத்தியார். பேரும் பாஸ்வேர்டும் ஒன்றானால் போன் வலுவான பக்கம் தாவும்; அதை எழுதாத பையன்களுக்கு அவன் முட்டை மார்க் போடுவது வழக்கம்.

"சாமி, இது என்ன?" என்று குமாஸ்தா நிமிர்ந்தபோது சாமி படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார்.

அக்கா தகடுகளைப் பிய்த்துத் தம்பி கையில் திணித்தாள். பெட்டியை அலமாரி உச்சியில் வைத்து பிளக்கைச் செருகினாள். உள்ளறைக் கம்ப்யூட்டரில் நேர்காணல் அதிகாரியின் முகம் பளிச்சென்று தெரிந்தது.

குமாஸ்தா வாத்தியாரின் காதருகே வந்தார். "தம்பி, படிச்சவங்க நீங்க. இந்தத் தகட்டை இனிமே எந்தத் திசையில மாட்டினா நல்லது?"

வாத்தியார் சற்றே யோசித்து, "கிழக்கு..." என்று ஆரம்பித்தான்.

அக்கா கதவைச் சாத்துமுன் தலையை நீட்டினாள். "ரெண்டு பேரும் வாயை மூடிட்டு மூளையைத் திறங்க. யோசிக்கிறதுக்குச் சிக்னல் தேவையில்ல."