தண்ணீர் குடிக்க நிறுத்திய பேராசிரியர்

சட்டத் தத்துவப் பேராசிரியர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் ஜெர்மனியில், பல்கலைக்கழகம் இருக்கும் ஊர்களில் செழித்து வளரும். கோடையிலும் கம்பளிக் கோட்டு, சைக்கிள் கூடையில் தானே எழுதிய தடிப் புத்தகம், அதில் பாதிப் பக்கத்தை விழுங்கிய அடிக்குறிப்பு, அடிக்குறிப்புக்குள் சக பேராசிரியருக்கு ஒரு குத்து. ஆனால் நிச்சயமான அடையாளம் ஒன்றுதான். எதைக் கேட்டாலும், "அதுக்கு முன்னால ஒரு கேள்வி இருக்கே" என்பார்.

எங்கள் எக்கெஹார்ட் லூடர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். நீதி என்றால் என்ன என்று முதல் புத்தகம். அப்படிக் கேட்பதே முறையா என்று இரண்டாவது. மூன்றாவதற்கு முன்னுரை மட்டும் வந்திருக்கிறது. அதுவே இரண்டு தொகுதி. வெள்ளை ரொட்டியா, கறுப்பு ரொட்டியா என்று கடைக்காரி அவரைக் கேட்டுவிட்டால், பின்னால் நிற்கிற வரிசை வேறு கடைக்குப் போய்விடும்.

வீப்கேயால் மட்டும் சிரிக்க முடியவில்லை. லூடர்ஸின் உதவியாளர், இளமையை அவர் நூலகத்தில் தொலைத்தவள். பேராசிரியர் ஆவதற்கான பெரிய ஆய்வை முடித்துவிட்டாள். 'தகுதி உண்டு' என்று அவர் சொன்னால் வேறோர் ஊரில் வேலை காத்திருக்கிறது. சொல்லாவிட்டால் இந்த மாதத்தோடு வீட்டுக்கு.

"நல்லாருக்கா இல்லையா, அதையாவது சொல்லிடுங்க புரொஃபசர்" என்றாள், கண் கலங்க.

"பிரமாதம்மா. ஆனா ஒருத்தருக்குத் தீர்ப்பு சொல்ல இன்னொருத்தருக்கு என்ன உரிமை? அதை முதல்ல பார்க்கணும்."

கல்நெஞ்சர் இல்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அவள் ஆய்வை ஏற்பதா என்று முடிவு செய்யத் துறைக் கூட்டம் கூடியது. மனிதனை மனிதன் அளக்கலாமா என்று ஆரம்பித்தார் லூடர்ஸ்; அளவுகோலுக்குப் போனார்; அளவுகோலை அளப்பது எப்படி என்பதற்குள் நுழைந்தார். மதியம் ஆகிவிட்டது. உணவகத்தில் அன்று வெள்ளை அஸ்பாரகஸ், வருஷத்தில் சில வாரமே கிடைக்கும், நாங்கள் உயிரை விடும் தண்டுக்கறி. தொண்டை வறண்டு, ஒரு வாய் தண்ணீருக்காக நிறுத்தினார்.

உரை முடிந்தால் நாங்கள் கைதட்டுவதில்லை, மேசையைத் தட்டுவோம்; பாராட்டும் அதுதான், சம்மதமும் அதுதான். மூலையில் பசித்த விரல் ஒன்று தட்டியது. அவ்வளவுதான். அறை முழுக்க டொக் டொக்.

"எல்லாருக்கும் சம்மதம். வாழ்த்துகள், வீப்கே" என்று எழுந்துகொண்டார் துறைத்தலைவி ஹோல்ஷர்.

"நான் இன்னும் முடிக்கலையே" என்றார் லூடர்ஸ்.

"கூட்டம் முடிஞ்சிருச்சு. சாப்பிட வாங்க."

மறுத்திருக்கலாம். ஆனால் மறுப்பதென்றால் 'தகுதி இல்லை' என்று சொல்ல வேண்டுமே? அதுவும் தீர்ப்புத்தானே? விசும்பி அழும் வீப்கேயைப் பார்த்தார். மெல்லத் தானும் மேசையைத் தட்டினார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் ஒரு 'சரி'க்காக வீட்டில் யாராவது நின்றுகொண்டிருக்கிறார்களா? மகள்? மகன்? எல்லாப் பக்கமும் யோசிக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் சாப்பாட்டு நேரத்தில் ஜாக்கிரதை. நீங்கள் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்வதற்குள் கல்யாணம் முடிந்திருக்கும்.