மாமாவின் பெயரில் வந்த லைசென்ஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீ சௌக்கியம் என்று போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நானும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. உன் வீட்டில் தரை பெயர்க்கும் தூசி அடங்கியிருந்தால், தயவுசெய்து மாமாவைத் திரும்ப அழைத்துக்கொள்.

பல் மருத்துவமனைக்கு நான் தனி ஆளாக எழுதித் தந்த மென்பொருள் ஒரு பெரிய கம்பெனியின் லைசென்ஸில்தான் ஓடுகிறது. எனக்கு இருப்பதும் அந்த ஒரே வாடிக்கையாளர். இந்த வருடம் அந்தக் கம்பெனி என்னைப் போன்ற தனியாட்களுக்கு இரண்டே வழி வைத்தது. ஒன்றில் மென்பொருளை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம், வாடிக்கையாளரிடம் ஓட்டக் கூடாது. மற்றதில் ஓட்டலாம், ஆனால் 'பார்ட்னர்' ஆக வேண்டும். அதற்கு நிறுவனத்தில் இரண்டு பேராவது இருந்து, இருவரும் பரீட்சை எழுதி, ஒருவராவது தேற வேண்டும். இன்னொரு ஆளுக்கு நான் எங்கே போவேன்? பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் உன் வீட்டுக்காரர்தான். "எதையாவது டிக் பண்ணிட்டு எந்திரிச்சுடுங்க மாமா" என்றேன். முப்பது வருடம் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர் கேட்பாரா? "பரீட்சைன்னா பரீட்சைதான்டா" என்று பதினோரு நாள் குறிப்பெடுத்துப் படித்தார். அவருக்குத் தொண்ணூற்றாறு மார்க். எனக்கு ஐம்பத்தெட்டு, தேற அறுபது வேண்டும். பதினெட்டு வருடமாக நான் செய்கிற வேலை அக்கா இது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தேறியவர்தான் தொழில்நுட்பத் தலைவராம். லைசென்ஸ் அவர் பெயரில் வந்துவிட்டது. காலையில் நான் வேலையைத் திறக்க வேண்டுமென்றால் ஓடிபி அவர் போனுக்குப் போகிறது. கேட்டவுடன் தருவாரா? "இன்னிக்கு என்ன பண்ணப் போறே, அதைச் சொல்லு முதல்ல" என்கிறார். சொன்னால், "நேத்தும் இதையேதானே சொன்னே?" என்கிறார். படுக்கையறையிலிருந்து சாப்பாட்டு மேசைக்குப் பத்தடி. அதற்கும் நான் தாமதமாக வந்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். திங்களன்று நான் குளிக்கும்போது டாக்டர் கூப்பிட, இவர் போனை எடுத்து, "பையன் நல்லாத்தான் செய்வான் டாக்டர், கூடவே ஒருத்தர் நிக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து நான் பேசினால் டாக்டர், "சார் இல்லையா?" என்கிறார். இருக்கிற ஒரு பிழைப்பும் போய்விடும் போலிருக்கிறது. இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதை மட்டும் செய். தரை காயவில்லை என்றாலும் பரவாயில்லை, கூப்பிட்டுக்கொள்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். புதுத் தரையில் யாரும் வழுக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி
(உதவியாளர், பயிற்சி நிலை. கம்பெனி தந்திருக்கும் பதவி இதுதான்.)

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடு. மாமாவைக் கூப்பிடவே கூப்பிடாதே. லைசென்ஸ் யார் பெயரிலோ அவரோடுதான் இனி ஒப்பந்தம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாமாவும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். சொந்தமாக நிறுவனம் தொடங்குகிறார். அதற்கும் இன்னொரு ஆள் வேண்டும். என்னை எடுக்கலாமா என்று இன்னும் யோசிக்கிறாராம். நீ சொன்னால் கேட்பார். எனக்காக ஒரு வார்த்தை சொல்லேன் அக்கா.