சளக் மாஸ்டரோடு ஒரு படகுப் போட்டி

யுத்த காலத்துக் கொழும்பில், குண்டுச் சத்தத்துக்கு அடுத்தபடியாகச் சனங்களைத் துள்ள வைத்தது சளக் மாஸ்டரின் தொண்டைதான். வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் நின்று "சளக்! சளக்!" என்று அவர் கத்தினால் கிருலப்பனையில் காகங்கள் எழும்பும். துடுப்பு தண்ணீரில் விழும் சத்தத்தை அவர் வாயாலேயே போட்டுக் காட்டுவார். சொந்தப் பெயர் ஒன்று அவருடைய அடையாள அட்டையில் இருந்திருக்க வேண்டும். அதை வாசித்தவர்கள் ஆமிக்காரர் மட்டுமே.

எங்கள் அலுவலகம் போன்ற கந்தோர்களுக்கிடையிலான படகுப் போட்டிக்காக அவரிடம் அகப்பட்டவர்கள் நாங்கள் இருவர். நான் வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த தட்டச்சுக்காரி. மேரி என் பக்கத்து மேசை, கொட்டாஞ்சேனைக்காரி. ஒற்றை முழங்காலை ஊன்றி இருவர் செலுத்தும் ஒடுங்கிய படகு அது. தும்மினாலே கவிழும்.

மாஸ்டருக்கு ஓரிடத்தில் நிற்க வராது. கரையில் எங்களோடு ஓடுவார், ஓடிக்கொண்டே கத்துவார், கத்திக்கொண்டே விளக்குக் கம்பத்தில் மோதுவார். ஒருநாள் படகுக்குப் பக்கத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு கபரக்கொய்யா, அதுதான் நீர் உடும்பு, நீந்தி வந்தது. மேரி அலறினாள்.

"கத்தாதை பிள்ளை! அதின்ர உடம்பைப் பார், ஒரு ஆட்டம் இருக்கோ? ஐயோ, உங்களை முந்துது! விடாதேங்கோ!"

துடுப்பைப் படுக்கை விரிப்பில் சுற்றித்தான் கொண்டுதிரிவார். அதனால் சோதனைச் சாவடிதோறும் வில்லங்கம். ஒருநாள் ஆமிக்காரன் துவக்கை நீட்டி, "மேக்க மொகக்த?" என்று சிங்களத்தில் கேட்டான், இது என்னவென்று.

"ஹபல, மாத்தயா", துடுப்பு ஐயா, என்று சொல்லிவிட்டு, அவன் நம்பவில்லை என்று கண்டதும் காலி வீதியிலேயே முழங்காலிட்டுத் துடுப்புப் போடத் தொடங்கிவிட்டார். பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்தன. "ஹரி ஹரி, நெகிட்டின்ன!" என்று அவன்தான் கெஞ்சி எழுப்பினான்.

தேநீர்க் கடையில் மேசையைச் சுற்றி நடந்தபடி ஒருமுறை தன் கதையைச் சொன்னார். இளவயதில் நாட்டிலேயே வேகமான படகோட்டி அவர். வெளிநாட்டுப் போட்டிக்கும் தெரிவாகியிருந்தார்.

"நாளைக்குப் பிளேன் எண்டால் இண்டைக்குக் கலவரம். வீட்டோட படகும் எரிஞ்சு போச்சு."

"வேற படகு எடுத்திருக்கலாமே, மாஸ்டர்?" என்றேன்.

"எடுக்கலாம். ஏறத்தான் மனம் வரேல்லை." அதற்குப் பிறகு அவர் கரையில்தான். "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ!" என்று எங்களை அதட்டினார்.

போட்டி நாள் விடிந்தபோது கொட்டாஞ்சேனையில் தமிழர் வீடுகளைச் சோதிக்கும் சுற்றிவளைப்பு. மேரியைப் பொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அவள் தங்கை போன் பண்ணினாள். போட்டி நடக்கவிருந்த குளக்கரையில் துள்ளிக்கொண்டு நின்ற மாஸ்டரிடம் சொன்னேன். போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓட்டோவை மறித்து என்னையும் ஏற்றினார்.

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு நீர் யார்?"

"நான் கோச்."

"கோச்சா? எந்த ரூட்?"

மாஸ்டர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, அப்போது. உள்ளே மேரியின் அழுகை கேட்டது. "அவள் வராமல் நான் போக மாட்டன்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, அந்த வராந்தாவில் மேலும் கீழும் நடக்கத் தொடங்கினார். மத்தியானம்வரை நடந்தார். பொலிஸ்காரருக்கே தலை சுற்றியிருக்கும். கந்தோர் மனேஜரும் வந்து கையெழுத்து வைத்த பிறகு மேரியை விட்டார்கள்.

குளத்துக்குத் திரும்பியபோது கிண்ணங்களைக் கொடுத்து முடித்து, கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேரி விம்மினாள். "என்னாலதானே மாஸ்டர், எல்லாம் போச்சு."

"என்ன போச்சு? தண்ணி கிடக்குது, படகு கிடக்குது. எதிராளிதானே இல்லை?"

சொல்லிவிட்டு ஒருவர் மட்டும் செலுத்தும் படகொன்றைத் தண்ணீரில் தள்ளினார். ஒரு கணம் அதன் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். அவர் அசையாமல் நின்றதை நான் அப்போதுதான் கண்டேன். பிறகு ஏறி முழங்காலை ஊன்றினார்.

நாங்களும் எங்கள் படகில் ஏறி, உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போட்டோம். பாதித் தூரம்கூட அவருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அந்த நரைத்த தலை, அத்தனை வருடப் பசியோடு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. வாயால் ஒரு சத்தமும் இல்லை. எல்லைக் கயிற்றைத் தாண்டித் திரும்பிப் பார்த்தார். முகம் முழுக்க ஈரம்.

நானும் மேரியும் துடுப்புகளை விட்டுவிட்டுக் கைதட்டினோம். படகு கவிழ்ந்தது. தண்ணீருக்குள் விழுந்த பிறகும் தட்டிக்கொண்டுதான் இருந்தோம்.